யாரும் எங்கும் போகவில்லை

ஒடுமாசே
11 பிப்ரவரி 1996

அன்புள்ள அஃபுவா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இருமல் விட்டதா? இங்கே பாலைப் புழுதியோடு வரும் ஹர்மட்டான் காற்று இன்னும் ஓயவில்லை. உன் அம்மாவின் உதடுகள் வெடித்துக் கிடக்கின்றன. ஆனாலும் அவற்றின் வேலைக்கு ஒரு குறையும் இல்லை.

ஹாலந்தில் மண்ணியல் படிக்க உனக்கு இடம் கிடைத்திருக்கிறது என்ற வரியை முதலில் மகிழ்ச்சிக்காகப் படித்தேன். பிறகு சரிபார்ப்பதற்காகப் படித்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

படிப்புச் செலவை யார் ஏற்பது என்று தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறாய். இதில் கேட்க என்ன இருக்கிறது? நான் உன் அம்மாவின் தம்பி. எனக்குப் பிறகு என் கோக்கோத் தோட்டம் என் அக்கா பிள்ளைகளுக்குத்தான் வரப்போகிறது. உன் அப்பா நல்ல மனிதர். அவர் தம்முடைய சகோதரி பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார். நான் என் அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ஊர் நடப்பு இதுதானே.

விசாவுக்கு நீ கேட்ட தாள்களைத் தயார் செய்து, அக்ரா பேருந்தின் ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வங்கிக் கடிதம், தோட்டத்துப் பத்திரத்தின் நகல், செலவு என்னுடையது என்று வழக்கறிஞர் முன் எழுதிய உறுதிமொழி. உறுதிமொழியில் ஏதாவது பிழை விட்டிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது. நாற்பது வருடம் பள்ளியில் பிறர் எழுதியதைத் திருத்தியவனுக்குத் தன் எழுத்தின் மேல் நம்பிக்கை வருவதில்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. விமானம் மேலே ஏறும்வரை ஒருவருக்கும் தெரியக் கூடாது. லாரி நிறுத்தத்தில் சக்கரங்களுக்குக் காற்றடிக்கும் லண்டன் க்வாஜோவை நினைத்துக்கொள். விசா கைக்கு வருவதற்கு முன்பே ஆடு வெட்டி ஊருக்கு விருந்து வைத்தான். ஊர்க்கண் பட்டது; விசா வரவில்லை. லண்டன் என்ற பெயர் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. உன் அம்மாவிடமும் சொல்ல வேண்டாம். காலையில் அவளிடம் சொன்னால் மதியம் சந்தையில் நமக்கே வந்து சொல்வார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா,
க்வாமே அப்ராகு


அக்ரா
3 மார்ச் 1996

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

இருமல் போய்விட்டது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் உதடுகளுக்கு ஷியா வெண்ணெய் அனுப்பியிருக்கிறேன். அவை சீக்கிரம் குணமாவது நமக்கு நல்லதில்லை என்றாலும்.

தாள்கள் பத்திரமாக வந்தன. வெள்ளிக்கிழமை தூதரகத்தில் கொடுத்துவிட்டேன். உறுதிமொழியில் பிழையே இல்லை, மாமா. ஒரே ஒரு காற்புள்ளி அதிகம். அதை நினைத்து இந்த வாரம் முழுக்க நீங்கள் வருந்தக் கூடாது.

இங்கேயும் யாருக்கும் தெரியாது. விசாவுக்குப் புகைப்படம் எடுக்கப் போன அன்று, பல்வலி என்று சொல்லி ஆய்வகத்தில் விடுப்பு வாங்கினேன். மறுநாள் என் மேசை நிறைய, கூட வேலை செய்பவர்கள் கொண்டுவந்த கிராம்பு. எல்லாவற்றையும் அவர்கள் கண்ணெதிரிலேயே மெல்ல வேண்டியதாயிற்று. நாக்கு மரத்துப்போய், பிறகு உண்மையிலேயே பேச முடியவில்லை.

அம்மாவிடம் மறைப்பதுதான் உறுத்துகிறது. ஆனால் நீங்கள் சொன்னால் சரி.

நேர்முகத்துக்கு அழைத்ததும் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் அஃபுவா


ஒடுமாசே
31 மார்ச் 1996

அன்புள்ள அஃபுவா,

நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். முழங்கால் பரவாயில்லை. காற்புள்ளியைப் பற்றி நான் அதிகம் நினைக்கவில்லை. அது எந்த வரியில் என்று மட்டும் எழுது.

ரகசியம் பத்திரமாக இருக்கிறது. இரண்டு இடங்களில் தடுமாறினேன். வங்கிக்குக் கிளம்பும்போது கோட்டு போட்டிருந்தேன். அக்கா வாசலில் மறித்து, “யாருடா செத்தது?” என்றாள்.

“யாரும் சாகவில்லை. என் கையெழுத்து பழசாகிவிட்டதாம், புதிதாகப் போடச் சொல்கிறார்கள்” என்றேன்.

“கையெழுத்துப் போடக் கோட்டு எதுக்கு? கைதானே போடுது?” என்றாள். நல்லவேளை, அடுப்பில் சூப் பொங்கியது, ஓடிவிட்டாள்.

இன்னொரு நாள் அஞ்சல்காரர் உன் உறையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். பிரிக்காமல் என் மேசையில் வைத்திருந்தாள். அவளுக்குப் படிக்க வரும். எழுதத்தான் பொறுமை கிடையாது. நல்ல குணம்.

இங்கே ஒரு விசித்திரம். அக்கா ஜாடி ஜாடியாக ஷிட்டோத் தொக்கு செய்கிறாள். மிளகாய் வறுக்கும் நெடியில் பக்கத்து வீட்டுக்காரர்களும் தும்முகிறார்கள். முற்றம் முழுக்கக் கருவாடு காய்கிறது. “இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு?” என்றேன். “கெட்டுப்போகாத பண்டம், இருந்துட்டுப் போகட்டும்” என்கிறாள். வயதாகிறது, பாவம்.

உன் மாமா,
க்வாமே அப்ராகு


அக்ரா
2 மே 1996

அன்பு மாமா,

அங்கே மழை பிடித்துவிட்டதா? நனையாதீர்கள். நான் சுகமாக இருக்கிறேன். சுகம் என்ன, பறந்துகொண்டிருக்கிறேன்! நேர்முகம் முடிந்தது.

அதிகாரி ஓர் அம்மையார். கண்ணாடிக்குள்ளிருந்து தன்மையாகத்தான் பேசினார். படிப்பைப் பற்றி, மண்ணைப் பற்றி, திரும்பி வந்து என்ன செய்வேன் என்பதைப் பற்றிக் கேட்டார். கோக்கோ மண் இளைத்துக்கொண்டே போகிறது, அதற்கு வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்றேன். பிறகு உங்களைப் பற்றிய கேள்விக்கு வந்தார்.

“உங்க அப்பா உயிரோட இருக்காரா?”

“இருக்கார்.”

“அப்புறம் ஏன் மாமா செலவு பண்றார்?”

“அவர் என் மாமாங்கிறதால.”

“அது ஒரு காரணமா?”

“எங்க பக்கம் அதுக்கு மேல காரணம் கிடையாதுங்க.”

சிரித்தார். ஆனால் ஏதோ எழுதிக்கொண்டார். ஊருக்கு ஆள் அனுப்பி விசாரித்த பிறகுதான் முடிவு சொல்வார்களாம். டெட்டே என்று ஒருவர் வருவார். என்றைக்கு என்று முன்னால் சொல்ல மாட்டார்களாம். நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, மாமா. கேட்டதற்கு உண்மையைச் சொன்னால் போதும். அது உங்களுக்குக் கைவந்த கலை.

உங்கள் அஃபுவா


ஒடுமாசே
21 மே 1996

அன்புள்ள அஃபுவா,

நலமாக இருப்பாய் என்று எண்ணுகிறேன். இங்கே நல்ல மழை. கோக்கோக் காய்களில் கருப்பு நோய் கொஞ்சம் தென்படுகிறது. மருந்து அடிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். சபைக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டார்கள். போதகரின் குரல் முன்பைவிட உரக்கக் கேட்கிறது.

தூதரகத்து இளைஞர் வந்து போனார். மரியாதையானவர். இளநீர் கொடுத்தோம். அந்த நேரத்தில் அக்காவும் வாசலில் இருந்தாள். பேச்சு சுருக்கமாக முடிந்தது.

கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது.

ஒரு சந்தேகம். இப்படி விசாரிக்க வருபவர்கள் இரண்டாம் முறையும் வருவது உண்டா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். மற்றபடி ஒன்றுமில்லை.

உன் மாமா,
க்வாமே அப்ராகு


அக்ரா
6 ஜூன் 1996

மாமாவுக்கு,

உங்கள் உடம்பும் அம்மாவின் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும். என்னைப் பற்றிச் சொல்வதற்கு நன்றாக ஒன்றும் இல்லை.

தூதரகத்திலிருந்து வந்த கடிதத்தை அப்படியே எழுதுகிறேன். “செலவை ஏற்பவர் எனக் குறிப்பிடப்பட்டவர், தம் வீட்டிலிருந்து யாரும் எங்கும் போகவில்லை என்று கூறினார். விண்ணப்பதாரரின் தாய், தம் மகள் மணமாகித் தமாலேயில் குடும்பம் நடத்துவதாகக் கூறினார். ஊரில் விசாரிக்கப்பட்ட எவரும் இப்பயணத்தை உறுதிசெய்யவில்லை.” லாரி நிறுத்தத்தில் ஒருவர், “அந்தப் பொண்ணுக்கு அக்ராவுக்கே வழி தெரியாது” என்றாராம். ஜூலை முடிவதற்குள் தகுந்த விளக்கம் தராவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அப்படியானால் கல்லூரி என் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும்.

வடக்கே தமாலேயில் எனக்கு ஒரு கணவர் இருக்கிறார் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. சிரிக்கப் பார்க்கிறேன். வரவில்லை.

மாமா, உங்களுக்கு மனமில்லை என்றால் பிப்ரவரியிலேயே சொல்லியிருக்கலாமே. நான் வருத்தப்பட்டிருப்பேன், ஆனால் புரிந்துகொண்டிருப்பேன்.

அஃபுவா


அக்ரா
20 ஜூன் 1996

அன்பு மாமா,

பதில் இல்லை. பேருந்து ஓட்டுநரிடம் தினமும் கேட்கிறேன். அவர் இப்போது தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறார்.

கோபத்தில் எழுதிவிட்டேன். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று தெரியும். விசா போனால் போகட்டும். நன்றாக இருக்கிறீர்களா என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் அஃபுவா


ஒடுமாசே
24 ஜூன் 1996

அன்புள்ள அஃபுவா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தான் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதச் சொல்கிறாள். எழுதி முடித்ததும் படித்துப் பார்ப்பாளாம். ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

“அஃபுவா, ஒங்கம்மா பேசறேன். எழுதறது இந்தக் கோழை. கோழைன்னு போடுடா. போட்டியா?”

போட்டுவிட்டேன்.

“அந்த டெட்டே தம்பி வந்தப்ப நான் முத்தத்துல கருவாடு திருப்பிக்கிட்டிருந்தேன். ‘ஐயா, ஒங்க அக்கா மக ஹாலந்து போறாங்களாமே, நீங்கதான் அனுப்பறீங்களா?’ன்னு கேட்டான். ஒங்க மாமன் என்னைப் பாத்தான். வேர்த்துக் கொட்டுது. ‘இந்த வீட்டிலிருந்து யாரும் எங்கும் போகவில்லை’ன்னு பரீட்சை ஹால்ல சொல்ற மாதிரி சொன்னான். எதுக்கு? எனக்குத் தெரிஞ்சிடக் கூடாதாம்! எனக்குத்தான் பிப்ரவரியிலயே தெரியுமே. கோட்டு போட்டுக்கிட்டு பேங்குக்குப் போற மூஞ்சியப் பாத்தாலே தெரியாது? எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா இந்த மனுசன் பயந்து எல்லாத்தையும் நிறுத்திடுவானேன்னு, நானும் சேந்துக்கிட்டு ‘எம்பொண்ணு தமாலேல குடும்பம் நடத்தறா’ன்னேன். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தப் புள்ள இளநியக் கையில வச்சுக்கிட்டுத் திருதிருன்னு முழிச்சான்.

“அந்த ஷிட்டோ யாருக்குன்னு நெனச்சே? ஒங்க மாமனுக்கா? ஒரு மிளகா கடிச்சா கொடத்தத் தூக்கிக் குடிக்கிற ஆளு.

“ஒன் லெட்டர் வந்ததுலேர்ந்து இவனுக்குச் சோறு எறங்கல. எழுதறான், கிழிக்கிறான், எழுதறான், கிழிக்கிறான். நேத்து நானே கேட்டுட்டேன், ‘அந்த ஹாலந்துக்காரங்க என்னடா எழுதியிருக்காங்க?’ன்னு. பேய் அறைஞ்ச மாதிரி நின்னான். அப்புறம் அழுதான். அழுததையும் எழுதுடா.”

எழுதியாயிற்று.

“ஊர்ல ஒருத்தனும் வாயத் தொறக்கல பாரு. அக்ராவிலேர்ந்து பைலத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் வந்து ‘யாராவது பயணம் போறாங்களா’ன்னா, நம்ம ஊர்ல எவன் ஆமாம்பான்? நம்ம நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் பொய் சொல்லியிருக்குதுங்க. அதனால இப்ப நான் தண்டோரா போடப் போறேன்.”

அஃபுவா, இது நான் எழுதுவது. விசா வருவதற்கு முன்பே ஊரறியச் சொல்வதா, கண் படுமே என்று அவளிடம் கெஞ்சினேன். அவள் சொன்ன பதில்: “ஒளிச்சு வச்சுத்தானே இந்த கதி? ஊர்க்கண்ணு மொத்தமும் ஒரே நாள்ல பட்டு முடியட்டும். அப்புறம் படறதுக்கு எந்தக் கண்ணு பாக்கி இருக்கும்?”

மறுபடி விசாரிக்க வரும்படி தூதரகத்துக்கு நான் எழுதியிருக்கிறேன். என்னை மன்னிப்பாய் என்று அக்கா சொல்கிறாள்.

மாமா
(அம்மா பக்கத்தில்)


ஒடுமாசே
14 ஜூலை 1996

அன்புள்ள அஃபுவா,

உன் பதில் கண்டு உயிர் வந்தது. இப்போது சாப்பிடுகிறேன்.

தண்டோராவுக்கு ஊர்த்தலைவரின் அனுமதி வேண்டுமே. வழக்கப்படி ஒரு புட்டி ஸ்னாப்ஸ் சாராயத்தோடு போனோம். புட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுவே ஹாலந்துலேர்ந்துதான் வருது. சரக்கு இங்க வந்தா புள்ள அங்க போறது நியாயம்தானே?” என்று சிரித்தார்.

விடியற்காலையில் இரும்பு மணி ஊரைச் சுற்றி வந்தது. மக்கள் ஊர் நடுவே நிற்கும் ‘ஒடும்’ மரத்தடியில் கூடினார்கள். அக்கா பேசுவாள் என்று நிம்மதியாக இருந்தேன். அவளோ என்னை முழங்கையால் இடித்து, “பொய்ய நீதானே சொன்னே? நெசத்தையும் நீயே சொல்லு” என்றாள்.

எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த நேரத்தில் அதைப் பார்த்துப் படிக்கத் தோன்றவில்லை. தாளை மடித்துவிட்டு, “என் அக்கா மகள் அஃபுவா ஹாலந்துக்குப் படிக்கப் போகிறாள். நான்தான் அனுப்புகிறேன். விசா இன்னும் வரவில்லை. யார் வந்து கேட்டாலும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்” என்றேன்.

முன்வரிசையில் சிலர் மார்பில் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள். நான் பெரிய தவறு செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது லண்டன் க்வாஜோ எழுந்தான். “வாத்தியாரே, பயப்படாதீங்க. என் விசா கண்ணு பட்டுப் போகல. நான் பரீட்சையில தேறல. மார்க்கு பத்தலன்னு கடுதாசி போட்டாங்க. அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு ஊர்க்கண்ணு மேல பழியப் போட்டுட்டேன். அந்த ஆட்டுக்கறிக்கும் விசாவுக்கும் சம்பந்தமே இல்ல” என்றான்.

பிறகு பின்னாலிருந்து மக்காச்சோளக் கெங்கி விற்கும் எஸ்தர், “பாவி! ஒங்கண்ணுதான் பட்டுச்சுன்னு அன்னிக்கு என்கூட எத்தனை பேரு சண்டைக்கு வந்தாங்க! எந்தலையில அடிச்சு சத்தியம் பண்ண வெச்சாங்களே!” என்று கத்தினாள். ஊரே சிரித்தது. அவன் காலில் விழப் போனான், அவள் கரண்டியால் அடித்தாள், அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். இத்தனை வருடத்தில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரு. டெட்டே புதன்கிழமை வந்தார். வீட்டுக்கு வர விட்டால்தானே! லாரி நிறுத்தத்திலேயே பிடித்துக்கொண்டார்கள்.

“போறா தம்பி, போறா!”

“முதுகுல கட்டிச் சுமந்தவ நான். என் பேரையும் எழுதிக்க.”

“தமாலேயாவது மண்ணாவது, அவளுக்குக் கல்யாணமே ஆகல. ஒங்களுக்கு ஆயிடுச்சா தம்பி?”

எங்கள் முற்றத்துக்கு வந்தபோது சட்டை கசங்கியிருந்தது. “போன தடவை ஒருத்தரும் வாயத் தொறக்கல. இப்ப ஒருத்தரும் மூட மாட்டேங்கறாங்க” என்றார். பிறகு பேனாவை எடுத்து, “இப்ப சொல்லுங்க ஐயா. யார் போறா?” என்று கேட்டார்.

சொன்னேன். உன் பெயர், ஊர், படிப்பு, என் பொறுப்பு, எல்லாவற்றையும். குரல் அளவுக்கு மீறி வந்துவிட்டது போலிருக்கிறது, கோழிகள் ஓடின. போன முறை ஏன் அப்படிச் சொன்னேன் என்பதையும் விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார். “எங்க அண்ணன் அமெரிக்கா போய் இறங்கி போன் பண்ணினப்புறம்தான் எனக்கே தெரியும். நாங்க ஒரே ரூம்ல படுத்திருந்தோம், ஐயா” என்றார்.

அக்கா அவருக்கு ஒரு சிறு ஜாடி ஷிட்டோ கொடுக்கப் பார்த்தாள். லஞ்சமாகிவிடும் என்று நான் தடுத்துவிட்டேன். அதனால் அங்கேயே ஃபூஃபூக் களி சாப்பிட வைத்தாள். அது லஞ்சமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் மாமா,
க்வாமே அப்ராகு


அக்ரா
30 ஜூலை 1996

என் மாமா, என் அம்மா,

நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று பிறகு கேட்கிறேன். கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

கடவுச்சீட்டை விரித்துப் பார்த்ததும் தூதரக வாசலிலேயே கத்திவிட்டேன். காவலாளி தடியோடு ஓடி வந்தார். காட்டினேன். அவரும் கத்தினார். பிறகு, “உஷ், யாருக்கும் சொல்லாதே தாயி, வீடு போய்ச் சேரு” என்று காதில் சொன்னார். “எங்க ஊர்ல தண்டோராவே போட்டாச்சு அண்ணே” என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். எஸ்தர் அத்தையைக் கெங்கி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

மாமா, முதல் வரிசையில் உங்களை உட்கார வைத்து, நான் உங்களைப் பற்றி ஊர் முன்னால் பேசப் போகிறேன். ஓடிவிடாதீர்கள்.

உங்கள் அஃபுவா


ஒடுமாசே
1 செப்டம்பர் 1996

அன்புள்ள அஃபுவா,

இது உனக்கு முன்னால் ஹாலந்து போகுமோ, பின்னால் போகுமோ தெரியாது. நீ ஏறிய பேருந்து இன்னும் குமாசியைக்கூடத் தாண்டியிருக்காது. புழுதி அடங்கும்வரை அக்கா நிறுத்தத்திலேயே நின்றாள். பேசவில்லை. அவள் பேசாமல் நின்றது எனக்கு என்னவோ போலிருந்தது. வழியில் மெதுவாக, “ஹாலந்துக்கு லெட்டர் போக எவ்வளவு நாளாவும்?” என்றாள்.

“இரண்டு வாரம்.”

“அப்ப இப்பவே ஆரம்பி.”

ஆரம்பித்திருக்கிறேன். அவள் சொல்வது: “ஷிட்டோ ஜாடிய நிமித்தியே வை. கூட இருக்கற வெள்ளைக்காரப் பொண்ணுங்களுக்குக் கொஞ்சமாக் குடு, அதுங்களுக்கு ஏதாவது ஆயிடப் போவுது. தலைய ஈரமா வச்சுக்கிட்டு வெளிய போகாதே. அழுகை வந்தா அழு, ஆனா சாப்பிட்டுட்டு அழு.”

சூப்பைப் பார்க்க உள்ளே போயிருக்கிறாள். அதற்குள் ஒரு செய்தி. நேற்று, உன்னோடு நாங்கள் எடுத்துக்கொண்ட படங்களை வாங்கக் கடைக்குப் போனபோது, நானும் கடவுச்சீட்டு அளவில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். முதல் படத்தில் கண்ணை மூடிவிட்டேன். மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. உனக்குப் பட்டம் தரும் நாளில் வீட்டார் யாராவது வரலாம் என்று கல்லூரிக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. கவனித்திருப்பாயோ என்னவோ. இந்த வயதில், குளிரில், வழி தெரியாத இடத்தில் நான் வந்து என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. அந்த மண்ணைப் பார்க்கலாம் என்று ஓர் எண்ணம். வேறொன்றும் இல்லை.

அக்கா வந்துவிட்டாள். “என்னடா, கையால மறைக்கிறே?” என்கிறாள்.

கையை எடுத்துவிட்டேன்.

படிக்கிறாள். உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படிக்கிறாள். முடித்துவிட்டாள். அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்:

“போட்டோ எடுக்கப் போனவன், என்னையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாமில்லடா, மூதேவி?”

உன் மாமா,
க்வாமே அப்ராகு